நீட்டி இழுக்கிற ஒயருக்கும் ஓர் அளவு உண்டு

கட்டிங் மெஷின், டிரில்லிங் மெஷின், காங்கிரீட் உடைக்கிற பிரேக்கர் எல்லாம் நாள் வாடகைக்கு விடுகிற சின்னக் கடை எங்களுடையது. போன கோடையில் வீட்டு கேட் வேலைக்காக ஒருவர் இரும்பு வெட்டும் 14 இஞ்ச் மெஷினை எடுத்துப் போனார். மதியமே போன் வந்துவிட்டது. "அண்ணே, மெஷின் இழுக்கவே மாட்டேங்குது. பிளேடு இரும்புல பட்டதும் திணறி நின்னுடுது. வேற மெஷின் குடுங்க." காலையில்தான் கடையில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த மெஷின் அது. வண்டியை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன்.

மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஹாலில் இருந்த பவர் பிளக்கிலிருந்து கொல்லைப்புறம் வரை 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்திருந்தார்கள். விசேஷத்துக்கு சீரியல் பல்பு கட்ட எப்போதோ வாங்கி வைத்தது. அதில் பத்து மீட்டர்தான் விரித்திருந்தது. மீதி 20 மீட்டரும் சுருளாகவே படியோரம் கிடந்தது. வெயில் படவேண்டாமென்று மேலே ஒரு சாக்கு வேறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு சாக்குக்குள் கையை விட்டேன். சுருளின் நடுவில் கை வைக்க முடியவில்லை. ஒயரின் மேல்தோல் இளகி, ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்ட ஆரம்பித்திருந்தது. அன்று மெஷின் திணறியதே நல்லதாகப் போயிற்று. அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் யாரும் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள்.

எக்ஸ்டென்ஷன் ஒயரை நாம் வெறும் நீளமாகத்தான் பார்க்கிறோம். எட்டவில்லை, ஒரு ஒயர் போட்டால் எட்டிவிடும், அவ்வளவுதான். ஆனால் மெஷின் குடிக்கிற கரண்ட் முழுவதும் அந்த ஒயர் வழியாகப் போய், அதே ஒயர் வழியாகத்தான் திரும்புகிறது. அதைத் தாங்குகிற தடிமன் அதற்கு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கணக்கு கஷ்டமில்லை. எல்லா மெஷின் உடம்பிலும் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் வாட்ஸ் எவ்வளவு என்று போட்டிருக்கும். அந்த எண்ணை 230 வோல்ட்டால் வகுத்தால் எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கும் என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். 650 வாட்ஸ் டிரில்லிங் மெஷின் 3 ஆம்ப்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. டைல்ஸ், மார்பிள் வெட்டுகிற 1400 வாட்ஸ் கட்டர் 6 ஆம்ப்ஸ். அன்று அவர் எடுத்துப்போன இரும்பு கட்டிங் மெஷின் 2200 வாட்ஸ், அதாவது 10 ஆம்ப்ஸை ஒட்டி. மோட்டார் பம்புக்கு மட்டும் இப்படி வகுக்கக் கூடாது. ஒரு எச்.பி. என்பது 746 வாட்ஸ் என்றாலும் அது மோட்டார் வெளியே தள்ளுகிற சக்தி. உள்ளே இழுப்பது அதைவிடக் கூடுதல். அதனால் தகட்டில் ஆம்ப்ஸ் என்று தனியாகப் போட்டிருக்கிற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒயரின் தடிமன். கடையில் "ஒன் ஸ்கொயர்", "ஒண்ணரை", "ரெண்டரை" என்று கேட்பது உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். முக்கால் ஒயர் சுமார் 7 ஆம்ப்ஸ் வரை தாங்கும். ஒன் ஸ்கொயர் 11 வரைக்கும், ஒண்ணரை 14, 15 வரைக்கும், ரெண்டரை 20 பக்கமும் போகும். கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு மாறும். எல்லாமே ஒயரை விரித்துப் போட்டு, காற்றுப் படும்போது உள்ள கணக்கு. அந்த வீட்டில் இருந்தது முக்கால் ஒயர். 7 ஆம்ப்ஸ் தாங்குவதில் 10 ஆம்ப்ஸ் போய்க்கொண்டிருந்தது.

இங்கே நீளமும் வந்து சேர்ந்துகொள்கிறது. தோட்டத்துக்கு ஓஸ் போட்டுத் தண்ணீர் விடுகிறவர்களுக்குத் தெரியும், ஓஸ் நீள நீள நுனியில் வேகம் குறையும். ஒயரிலும் அதேதான். 30 மீட்டர் ஒயர் என்றால் கரண்ட் போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர் செம்பு. முக்கால் ஒயரில் அந்த 60 மீட்டருக்கு ஒன்றரை ஓமுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தடை இருக்கும். 10 ஆம்ப்ஸ் அதில் ஓடினால் 15 வோல்ட் வழியிலேயே போய்விடும். எங்கள் பக்கம் கோடை மதியத்தில் வீட்டுக்கு வருவதே 205 வோல்ட்தான். மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தது 190. இதுவாவது ஓடும்போது உள்ள நிலை. ஸ்விட்சை அழுத்துகிற அந்த நொடியில் மோட்டார் சில மடங்கு கரண்டை இழுக்கும். 30 ஆம்ப்ஸ் இழுத்தால் வழியில் விழுவது 45 வோல்ட்டுக்கு மேல். மெஷின் திணறாமல் என்ன செய்யும்? திணறுகிற மெஷினை ஆள் இன்னும் அழுத்துவார், அது இன்னும் அதிகமாக இழுக்கும், வேகம் குறைந்ததால் உள்ளே இருக்கிற விசிறியும் சரியாகக் காற்று தள்ளாது. "காயில் போச்சு" என்று எங்களிடம் திரும்பி வருகிற மெஷின்களில் பலவற்றுக்குக் காரணம் ஒயர்தான் என்பது என் அனுபவம்.

சரி, வழியில் விழுந்த அந்த 15 வோல்ட் எங்கே போனது? சூடாக மாறியது. 15 வோல்ட், 10 ஆம்ப்ஸ், பெருக்கினால் 150 வாட்ஸ். 30 மீட்டரும் விரிந்து கிடந்தால் அந்தச் சூடு காற்றில் ஆறிக்கொண்டே இருக்கும், தொட்டால் லேசாக வெதுவெதுப்பாக இருக்கும். 20 மீட்டர் சுருளாகக் கிடந்தால்? ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பை எரியவிட்டு சாக்குக்குள் கட்டிவைத்த மாதிரி. ஒயரின் பி.வி.சி. தோல் 70 டிகிரி வரைதான் நிம்மதியாக இருக்கும். அதற்கு மேல் இளகும், பிறகு உள்ளே இருக்கிற செம்பும் செம்பும் தொட்டுக்கொள்ளும். டிரம்மில் சுற்றி வருகிற நல்ல எக்ஸ்டென்ஷன்களில் இரண்டு வாட்ஸ் அளவு அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம்: சுற்றியபடி இவ்வளவு, முழுக்க விரித்தால் இவ்வளவு என்று. சுற்றியபடி உள்ள அளவு பாதிக்கும் குறைவாகவே இருக்கும். ஆகவே பத்து அடி தூரத்துக்கானாலும் ஒயரை முழுக்கப் பிரித்துவிடுங்கள். இடம் இல்லையென்றால் வளைத்து வளைத்துத் தரையில் பரப்பினாலும் போதும்.

மெஷின் எடுத்துப்போனவர் அன்று ஒன்று கேட்டார். "அப்படி ஓவர்லோடு ஆயிருந்தா எம்.சி.பி. விழுந்திருக்குமே அண்ணே?"

நல்ல கேள்வி. பலரும் இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள். போர்டில் இருக்கிற எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை வெட்டுகிற ஸ்விட்ச், சுவருக்குள் போகிற ஒயரைக் காப்பாற்ற வைத்தது. பவர் பிளக்குக்குப் பெரும்பாலும் சுவருக்குள் ரெண்டரை ஒயர் போட்டு 16 அல்லது 20 ஆம்ப்ஸ் எம்.சி.பி. வைத்திருப்பார்கள். 20 ஆம்ப்ஸ் தாண்டினால்தான் அது கவனிக்கும். நீங்கள் மாட்டிய எக்ஸ்டென்ஷன் முக்கால் ஒயரா ரெண்டரை ஒயரா என்று அதற்குத் தெரியாது. 7 ஆம்ப்ஸ் ஒயரில் 12 ஆம்ப்ஸ் மணிக்கணக்காக ஓடினாலும் அது சும்மாதான் இருக்கும். ஷார்ட் ஆன பிறகு விழும். அதற்குள் ஒயர் வெந்திருக்கும். 7-க்கும் 20-க்கும் நடுவே இருக்கிற இந்த இடைவெளியைக் காக்க யாருமே இல்லை, ஒயரைத் தேர்ந்தெடுக்கிற நம்மைத் தவிர. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு அங்கே பிளக்குக்குள்ளேயே 13 ஆம்ப்ஸ், 3 ஆம்ப்ஸ் என்று ஃபியூஸ் இருப்பது தெரியும். நம் ஊர் மூன்று பின் பிளக்கில் அது கிடையாது. அதனால் வாங்கும்போதே ஃபியூஸோ ஓவர்லோடு ட்ரிப்போ உள்ள பாக்ஸாகப் பார்த்து வாங்குவது நல்லது.

எங்கள் கடையில் நாங்கள் வைத்திருக்கிற வழக்கத்தைச் சொல்கிறேன். டிரில், சின்ன கிரைண்டர் மாதிரி 1000 வாட்ஸுக்குள் உள்ளதென்றால், 15 மீட்டர் வரை ஒன் ஸ்கொயர். மார்பிள் கட்டர், பிரேக்கர் மாதிரி 1500 வாட்ஸ் பக்கம் வந்தால் 20 மீட்டர் வரை ஒண்ணரை. அதற்கு மேல் வாட்ஸோ நீளமோ எது கூடினாலும் ரெண்டரை, மூன்று கோர் (ஒரே தோலுக்குள் மூன்று தனித்தனி ஒயர்). அந்த கேட் வேலைக்காரருக்கு 30 மீட்டர் ரெண்டரை ஒயர் கொடுத்தேன். அதே 10 ஆம்ப்ஸுக்கு வழியில் விழுந்தது 5 வோல்ட்டுக்குள். அதே மெஷின், அதே பிளக், சத்தமே மாறிவிட்டது. வெல்டிங் மெஷினை மட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே விடமாட்டோம். அதற்கு மெயின் போர்டிலிருந்து எலக்ட்ரீஷியன் தனி லைன் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஒயர் வாங்கும்போது வெளித்தோலைப் பார்த்து ஏமாற வேண்டாம். தோல் தடித்திருக்கும், உள்ளே நூல் மாதிரி நாலு கம்பி இருக்கும். நல்ல ஒயரில் சதுர மில்லிமீட்டர் அளவும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் நீளவாக்கில் அச்சிட்டிருக்கும். இன்னொன்று, செம்பு நிறத்தில் இருப்பதெல்லாம் செம்பு இல்லை. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு கொடுத்து விற்கிறார்கள். நுனியில் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். அலுமினியம் செம்பைவிட நாற்பது சதவீதம் போலக் குறைவாகத்தான் மின்சாரம் கடத்தும். அடிக்கடி மடக்கினால் உள்ளேயே ஒடியவும் செய்யும்.

ஒயர் சரியாக இருந்தும் இரண்டு முனைகள் கெடுத்துவிடுவது உண்டு. வீட்டில் இருக்கிற சின்ன பிளக் 6 ஆம்ப்ஸ், பெரியது 16 ஆம்ப்ஸ். பேச்சில் அஞ்சு ஆம்ப்ஸ், பதினஞ்சு ஆம்ப்ஸ் என்போம். சின்னது 1380 வாட்ஸ் வரைக்கும்தான். பெரிய பிளக் உள்ள மெஷினை கன்வெர்ட்டர் போட்டுச் சின்ன சாக்கெட்டில் மாட்டுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். பின் கருத்துப்போவதும் சாக்கெட் பழுப்பாவதும் அங்கேதான் ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் வேலை பார்த்த பிறகு ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எங்கோ லூஸ், அல்லது அளவு மீறியிருக்கிறது. ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனை மாட்டுவதையும் இதனால்தான் வேண்டாம் என்கிறோம். ஒவ்வொரு இணைப்பும் லூஸாக இன்னொரு வாய்ப்பு.

அப்புறம் அந்தத் தீக்குச்சி. பிளக் இல்லாத ஒயரின் நுனியைச் சீவி, சாக்கெட் ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் இறுக்குவது. கட்டட வேலை நடக்கிற இடத்துக்குப் போனால் இன்றும் பார்க்கலாம். யாராவது கால் தடுக்கி ஒயரை இழுத்தால் போதும், உயிருள்ள நுனி வெளியே வந்து தரையில் கிடக்கும். ஒரு மூன்று பின் பிளக்கின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது. எங்கள் கடையில் மெஷின் எடுக்க வருகிற யாராவது "பிளக் வேண்டாம், சொருகிக்கிறோம்" என்று சொன்னால் நான் மெஷினே கொடுப்பதில்லை.

தீக்குச்சியில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அப்படிச் சொருகுகிறவர்கள் இரண்டு ஒயரைத்தான் சொருகுவார்கள், கரண்ட் வருகிற பேஸும் அது திரும்புகிற நியூட்ரலும். எர்த்தை விட்டுவிடுவார்கள். மெஷின் அது இல்லாமலும் ஓடும் என்பதால் எர்த் ஏதோ அலங்காரம் என்று நினைப்பு. மோட்டார் பம்பு, கிரைண்டர், காங்கிரீட் மிக்ஸர் மாதிரி இரும்பு உடம்புள்ள எதிலும் என்றாவது ஒருநாள் உள்ளே இன்சுலேஷன் விட்டுப் போய் பேஸ் உடம்பைத் தொடும். எர்த் இருந்தால் கரண்ட் அந்த வழியாகப் பாய்ந்து எம்.சி.பி.யை விழவைக்கும். எர்த் இல்லையென்றால் மெஷின் எப்போதும்போல ஓடிக்கொண்டே இருக்கும், அதன் உடம்பு முழுக்க 230 வோல்ட்டோடு. ஈரக்கையோடு முதலில் தொடுகிற ஆள்தான் எர்த். ஆகவே எக்ஸ்டென்ஷன் ஒயர் மூன்று கோராக இருக்க வேண்டும். பச்சை அல்லது பச்சை-மஞ்சள் ஒயர் இரண்டு முனையிலும் பெரிய பின்னோடு சேர்ந்திருக்க வேண்டும். பிளக்கில் மூன்று பின் இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். பிளக்கைக் கையில் எடுத்து ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். பெரிய பின்னில் ஒன்றுமே மாட்டாமல் விட்டிருந்த பிளக்குகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

சில டிரில், கட்டர்களில் கம்பெனியிலிருந்தே இரண்டு பின்தான் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தகட்டில் ஒரு கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் வரைந்திருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் உள்ள மெஷின், எர்த் தேவையில்லாதபடி செய்தது.

வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள். டெஸ்ட் என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும், மேலே 30 எம்.ஏ. என்று போட்டிருக்கும். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்ப்ஸ், அதாவது ஒரு ஆம்ப்ஸில் நூறில் மூன்று பங்கு, வேறு வழியில் கசிந்தால் கண் சிமிட்டுவதற்குள் லைனை வெட்டிவிடும். சுமார் 10 மில்லி ஆம்ப்ஸ் உடம்பில் பாய்ந்தாலே பிடித்ததை விட முடியாமல் கை இறுகிக்கொள்ளும்; ஐம்பது, நூறு என்று போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். 20 ஆம்ப்ஸுக்கு விழுகிற எம்.சி.பி. இதற்கெல்லாம் அசையாது. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.தான். ஆனாலும் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் அதற்கும் ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழவில்லையென்றால் மாற்றுங்கள். வீட்டில் இல்லையா? வெளி வேலைக்காவது அதைப் பொருத்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல மார்பிள் கட்டர்தான் காரணம். டைல்ஸ் வெட்டும்போது தூசி அடங்கத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் தரையில் ஓடி எங்கே போய் நிற்கும்? பள்ளத்தில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். பாக்ஸை ஒரு ஸ்டூல் மேலோ ஆணியிலோ ஏற்றி வையுங்கள். பாலித்தீன் பை சுற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம்; உள்ளே போன ஈரம் வெளியே வராது. மழையில் வெளியே வேலை செய்தே ஆகவேண்டுமென்றால், நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக்கும் சாக்கெட்டும் மூடியோடு வருகிறதே, அதைப் போடுங்கள். அப்போதும் மழை விட்ட பிறகு செய்வதுதான் சரி.

ஒயரை எப்போதும் முதுகுப்பக்கமாக, தோள் மேலாக விட்டு வேலை செய்யுங்கள். தன் ஒயரைத் தானே வெட்டிக்கொள்கிற கட்டர் எங்களுக்கு வருடம் நாலைந்து வரும். கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு, மிதியடி, வண்டி ஏறுகிற பாதை, இதெல்லாம் ஒயருக்கு ஆகாத இடங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். ஆங்கிள் கிரைண்டரின் ஸ்விட்ச் தள்ளி மாட்டுகிற ரகம். கையை எடுத்தாலும் ஆன் நிலையிலேயே நிற்கும். கரண்ட் திரும்பும்போது யாரும் பிடிக்காமல் மெஷின் தரையில் துள்ளி ஓடும், பிளேடு சுழல. கரண்ட் போனதும் முதலில் ஸ்விட்ச், பிறகு பிளக், அப்புறம் டீ. பிளேடு மாற்றும்போதும் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், அல்லது பிளக்கைப் பிடுங்குங்கள். இரண்டும் எட்டவில்லையென்றால், காய்ந்த தரையில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிடுங்கள். 108-ஐ உடனே கூப்பிடுங்கள். மூச்சு இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில் அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை. ஆள் எழுந்து நடந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுவது அவசியம்.

வேலை முடிந்து ஒயரைச் சுற்றுகிற நேரம்தான் அதைச் சோதிக்க நல்ல நேரம். முதலில் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒயரை இடது கை விரல்களுக்கு நடுவே விட்டு, மெதுவாக இழுத்தபடி வலது கையால் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள். முழங்கையில் முறுக்கிச் சுற்றினால் உள்ளே கம்பி இழைகள் ஒடியும். கீறல், நசுங்கல், இளகிய இடம் எதுவானாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். அப்படி ஓர் இடம் தட்டுப்பட்டால் டேப் சுற்றி வைக்காதீர்கள். டேப் ஈரத்தைத் தடுக்காது, உள்ளே அறுந்த இழைகளை ஒட்டவும் செய்யாது. அந்த இடத்தோடு வெட்டிவிட்டு, புது பிளக்கும் பாக்ஸும் மாட்டி இரண்டு சின்ன எக்ஸ்டென்ஷனாக ஆக்கிக்கொள்ளுங்கள். அந்த வீட்டு 30 மீட்டர் ஒயரையும் அப்படித்தான் செய்தோம். இளகிய 20 மீட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று; மிச்சம் பத்து மீட்டரில் இப்போது அவர் வீட்டு மாடியில் சீரியல் பல்பு எரிகிறது.